கிணற்று நீச்சல் கடலுக்குக் கை கொடுக்குமா?

படகில் தூண்டில் போடப் போகும் விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து, நெல் மூட்டைகளும் வீட்டை விட்டுப் போனபின், திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரங்களில் விவசாயக் குடும்பங்களுக்குச் சில வாரங்கள் ஓய்வு கிடைக்கும். பல மாதங்கள் வரப்பிலேயே நின்றவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்காவது போய்வர நினைக்கும் நேரம் இது. பக்கத்தில் இருப்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்த ஊரில் ஏரி இருக்கிறது, கடல் இருக்கிறது, நல்ல மீனும் நண்டும் கிடைக்கின்றன. மீன் வாங்கிப் பழகியதில் தெரிந்த படகுக்காரர் ஒருவரும் இருப்பார். அவருடைய ஃபைபர் படகில் ஏறி ஒரு சுற்று வருவது, இறாலை முள்ளில் குத்தித் தூண்டில் போடுவது, கிடைத்த மீனைக் கரையிலேயே குழம்பு வைப்பது என்று ஆசை வளர்கிறது.

இந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் படகில் ஏறும்போது பெரும்பாலானவர்கள் சொல்லும் ஒரு வார்த்தைதான் ஆபத்தானது. "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே!" என்பதுதான் அந்த வார்த்தை. கடற்கரை ஊர்களில் விடுமுறை நாட்களில் உயிரை விடுகிறவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கிணற்றிலும் ஏரியிலும் பழகிய நீச்சலுக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கரையிலேயே எடுக்க வேண்டிய முடிவுகள் தெளிவாகிவிடும்.

கிணறு வேறு, கடல் வேறு

கிராமத்துப் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகுகிறார்கள். கிணற்றில் நான்கு பக்கமும் சுவர் உண்டு. பத்து கை வீசினால் படிக்கட்டோ பம்ப் செட் குழாயோ கைக்கு எட்டும். தண்ணீர் அசையாது. களைத்துப்போனால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். மேலே நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடலில் இவை எதுவும் இல்லை. அலை முகத்தில் அடிக்கும்போது மூச்சு இழுத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும். இருமல் வந்தால் நீச்சலின் ஒழுங்கு குலைந்துவிடும். வேட்டி, புடவை, ஜீன்ஸ் எதுவானாலும் நனைந்ததும் காலைச் சுற்றிக்கொள்ளும். சாதாரணமாக நீந்துகிறவர் மணிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் வேகத்தில்தான் போக முடியும். நீரோட்டம் அதைவிட வேகமாக இருந்தால், கரையை நோக்கி எவ்வளவு கை வீசினாலும் பின்னோக்கித்தான் போக நேரிடும். தண்ணீரில் இருந்து பார்க்கும்போது கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அரை கிலோமீட்டர் என்று நினைத்தது ஒன்றரை கிலோமீட்டராக இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மூழ்குகிறவர் சினிமாவில் காட்டுவதுபோலக் கையை ஆட்டிக் கூச்சல் போடுவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் ஒரு நொடியில் மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்கும், கத்த நேரம் இருக்காது. பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

ஆழம் இல்லாத ஏரிதானே என்ற எண்ணம்

பழவேற்காடு ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திராவிலும், தெற்குப் பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகக் கிடக்கிறது. பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு தண்ணீர்தான். அதனால் ஏரியில் என்ன ஆகிவிடும் என்று தோன்றுகிறது.

2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழவேற்காட்டுக்கு வந்த உறவினர்கள் சென்ற படகு கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை இருந்தும் விடுமுறை நாட்களில் படகு கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை.

ஏரியில் ஆழம் குறைவு என்பது ஒரு பாதி உண்மை. அடியில் சேறு இருக்கும் இடத்தில் நிற்க முடியாது, கால் புதையும். இடையிடையே படகு போகும் வாய்க்கால் ஆழமாக இருக்கும். கட்டியிருக்கும் வலையில் கால் மாட்டும். ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு நெஞ்சளவுத் தண்ணீரும் ஆழம்தான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம் முகத்துவாரம். ஏரி நிறைந்திருக்கும்போது மதகைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பாயும் என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகத்துவாரமும் ஒரு மதகுதான். அகலமான ஏரியின் தண்ணீர் முழுவதும் குறுகலான ஒரு வழியில்தான் கடலுக்குப் போகிறது, வருகிறது. வற்றம் நேரத்தில் தண்ணீர் கடலை நோக்கிப் பாயும். எதிரே கடல் அலை வரும். இரண்டும் மோதும்போது அலை செங்குத்தாக எழுந்து உடையும். அடியில் மணல் திட்டு இருந்தால் அலை இன்னும் உயரும். மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆற்று வெள்ளமும் சேர்ந்தால் இழுப்பு பலமடங்காகும்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ 6 மணி நேரம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தக் கணக்கு மீனவர்களுக்கு அத்துப்படி. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட வந்தவர்களுக்கு முகத்துவாரத்தில் எந்த வேலையும் இல்லை. அனுமதி உள்ள ஊர்களில் படகில் போனாலும், முகத்துவாரத்தைத் தாண்டிப் போகச் சொல்லிப் படகுக்காரரைக் கேட்கக் கூடாது.

லைஃப் ஜாக்கெட்: சுரைக்குடுக்கையின் வேலைதான்

நீச்சல் பழகும் பிள்ளை முதுகில் குடுக்கையைக் கட்டிவிடுவது எதற்காக? கை ஓய்ந்தாலும் தண்ணீர் மேலேயே இருக்க வேண்டும் என்பதற்காக. லைஃப் ஜாக்கெட் செய்வதும் அதே வேலைதான். நீச்சல் தெரியாதவருக்கு மட்டும் அது என்று நினைப்பது தவறு. படகு கவிழும்போது விளிம்பு தலையில் இடித்து மயக்கம் வந்தால், மாநில அளவில் பரிசு வாங்கிய நீச்சல்காரரும் மூழ்கிவிடுவார். சரியான லைஃப் ஜாக்கெட் மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பி வைத்திருக்கும். நீர் விளையாட்டுக்குப் போடும் மெல்லிய மிதவைச் சட்டைக்கு இந்தத் திறன் கிடையாது.

ஜாக்கெட் வாங்கும்போதும் போடும்போதும் பார்க்க வேண்டியவை:

• உடல் எடைக்கு ஏற்ற அளவு. அளவு உட்புறம் அச்சிடப்பட்டிருக்கும். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே வரும், குழந்தை கீழே நழுவிவிடும்.

• குழந்தைகளின் ஜாக்கெட்டில் தொடைகளுக்கு நடுவே போடும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும்.

• எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பட்டைகளை இறுக்கிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காது வரை வந்தால் அது தளர்வாக இருக்கிறது.

• துணி கிழிந்தது, உள்ளே இருக்கும் நுரை நசுங்கிக் கெட்டியானது, கொக்கி உடைந்தது ஆகியவற்றைத் தொடக் கூடாது.

• விசிலைக் கயிற்றில் கட்டி ஜாக்கெட்டிலேயே மாட்டிவைக்க வேண்டும். குரலைவிட விசில் ஓசை தொலைவுக்குக் கேட்கும்.

படகின் மூலையில் அடுக்கிவைத்த ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. படகு கவிழ ஒன்றிரண்டு நொடி போதும். அந்த நேரத்தில் ஜாக்கெட்டைத் தேடி எடுத்து, தலையை நுழைத்து, கொக்கி மாட்ட யாராலும் முடியாது. கரையில் போட்ட ஜாக்கெட்டைக் கரைக்குத் திரும்பிய பிறகுதான் கழற்ற வேண்டும். வெயில், புழுக்கம், போட்டோவில் அழகாக இருக்காது என்பவையெல்லாம் காரணமே அல்ல.

எத்தனை பேர் ஏறலாம்?

25 அல்லது 30 அடி ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகும்போது நான்கைந்து பேர்தான் போகிறார்கள். அதே படகில் விடுமுறை நாளில் பதினைந்து பேர் ஏறினால் என்ன ஆகும் என்பதைத் தண்ணீர் மட்டமே சொல்லிவிடும். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே இருக்கும் உயரம் குறையக் குறைய, சிறிய அலையும் உள்ளே புகும். உள்ளே புகுந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிச் சேரும். அந்தப் பக்கம் படகு சாயும். சாய்ந்த பக்கம் மனிதர்களும் சரிவார்கள். அதற்குமேல் படகை நிமிர்த்த முடியாது.

கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று மாலை, மீன்பிடிப் படகை மாற்றியமைத்து ஓட்டிய சுற்றுலாப் படகு ஒன்று அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்று கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தது அந்த விபத்துக்குக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஒன்று கடற்கரை, மற்றொன்று மலை மேல் உள்ள நீர்த்தேக்கம். இரண்டிலும் படகின் நிலை குலைந்தது ஆட்களின் எடையால்தான்.

தூண்டில் போடும் படகில் இந்த ஆபத்து அதிகம். ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டிவிட்டால் எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். எனவே இருவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமும் உட்கார்ந்து தூண்டில் போட வேண்டும். மீன் மாட்டினாலும் மற்றவர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை எளிய விதி ஒன்று உண்டு: படகுக்கு உரிய அளவுக்குள், எத்தனை நல்ல ஜாக்கெட் இருக்கிறதோ அத்தனை பேர். கைக்குழந்தையும் ஓர் ஆள்தான்.

காற்றும் அலையும்

களத்தில் நெல் காயும்போது மேற்கே கறுத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடுகிற விவசாயி, கடலுக்குப் போகும் நாளில் வானத்தைப் பார்ப்பதில்லை. விடுமுறை என்று முடிவு செய்துவிட்டதால் போயே தீர வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

வடதமிழகக் கடற்கரையில் கோடை நாட்களில் காலையில் காற்று அடங்கியிருக்கும். முற்பகல் ஏற ஏறக் கடலில் இருந்து காற்று வீசத் தொடங்கி, பிற்பகலில் வலுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரத்தில் மேற்கே இடிமேகம் திரண்டு கடற்கரை நோக்கி வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றழுத்தத் தாழ்வும் புயலும் வரும் காலம். எந்த மாதமானாலும் விடியற்காலையில் புறப்பட்டு முற்பகலில் திரும்பிவிடும் பயணமே நல்லது. மாலையில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் பயணம் வேண்டாம்.

இந்திய வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையைத் தினமும் வெளியிடுகிறது. சூறைக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும், கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று அறிவிப்பு வந்தால், அது மீன் பிடிக்கும் தொழிலாளருக்கு மட்டும் சொன்னது அல்ல. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் உயர் அலை எச்சரிக்கையையும் தருகிறது. கைப்பேசியில் டி.என். ஸ்மார்ட் செயலியிலும் எச்சரிக்கைகளைப் பார்க்கலாம்.

உள்ளூரில் காற்றே இல்லாமல் வரும் பேரலையும் உண்டு. தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசிய புயல்காற்றால் எழுந்த அலை, பல நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். வானம் தெளிவாக, காற்று அமைதியாக இருக்கும்போதே திருடனைப்போல வந்துவிடும் என்பதால் இந்தப் பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தபோது இந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. வானத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

பழவேற்காட்டுப் பகுதிக்கே உரிய இன்னொரு செய்தி: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை இருக்கும். ராக்கெட்டைப் படகில் இருந்து பார்க்கலாம் என்று யாராவது அழைத்தால் போகக் கூடாது.

இடி கேட்டால் தூண்டிலை மடக்கிக் கரை திரும்ப வேண்டும். பரந்த நீர்ப்பரப்பில் மின்னலுக்கு உயரமாகத் தெரிவது படகும் அதில் நிற்கும் ஆளும்தான். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மறுபடி தண்ணீரில் இறங்கக் கூடாது.

கரையில் ஒருவருக்குத் தெரிய வேண்டும்

படகில் போகிறவர்களின் பெயர், எண்ணிக்கை, படகின் பதிவு எண், போகும் இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாண்டியும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் அவர் உடனே தகவல் சொல்ல வேண்டும். இந்தியக் கடலோரக் காவல்படையின் இலவச அழைப்பு எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று காத்திருப்பதில் வெளிச்சம் போய்விடும். இருட்டிய பிறகு தேடுவது கடினம்.

கைப்பேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். டீசலையோ பெட்ரோலையோ மூன்றாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, காற்று எதிர்த்தால் கைவசம் ஒரு பங்கு. துடுப்பு, நங்கூரம், தண்ணீர் இறைக்க வாளி, நீண்ட கயிறு, டார்ச், குடிநீர் இவை இல்லாத படகில் ஏற வேண்டாம். மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி எண்ணெய் கேனில் கயிற்றைக் கட்டி வைத்திருந்தால், தண்ணீரில் விழுந்தவருக்கு வீசலாம். காசில்லாத மிதவை அது.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் கரையில் இருப்பதே நல்லது. மது அருந்தியவரைப் படகில் ஏற்றவே கூடாது. படகு ஓட்டுபவர் அருந்தியிருந்தால் மற்றவர்கள் ஏறக் கூடாது.

தூண்டில் போடும்போது

தூண்டிலை வீசும் முன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். முள் சதையில் ஆழமாக இறங்கிவிட்டால் இழுத்துப் பிடுங்கக் கூடாது. நரம்பை அறுத்துவிட்டு, முள் அசையாமல் துணி சுற்றி மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பூசி தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடல் கெளுத்தியின் முதுகிலும் பக்கத்திலும் உள்ள முள்ளும், திருக்கையின் வாலில் உள்ள முள்ளும் விஷமுள்ளவை. குத்திவிட்டால், குத்துப்பட்ட கையையோ காலையோ பொறுக்கும் அளவு வெந்நீரில் 30 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால் வலி குறையும். வலியில் சூடு தெரியாமல் வெந்துவிடக் கூடும் என்பதால், குத்துப்படாத கையால் சூட்டைப் பார்க்க வேண்டும். பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொட்டால் பந்துபோல உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் மாட்டினால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். அதன் விஷம் சமைத்தாலும் போகாது. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை ஆகியவை வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அவற்றையும் உயிரோடு விட வேண்டும்.

படகு கவிழ்ந்தால்

கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதந்துகொண்டுதான் இருக்கும். கரை தெரிகிறதே என்று நீந்தப் புறப்படுவதுதான் பலருடைய கடைசித் தவறாகிவிடுகிறது. படகைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக இருக்க வேண்டும். தேடி வருகிறவர்களுக்குத் தனி மனிதத் தலையைவிடப் படகு எளிதில் கண்ணில் படும். குழந்தைகளை நடுவில் வைத்துக்கொண்டு, தலைகளை எண்ணிப் பார்த்து, விசிலை ஊத வேண்டும்.

கரையோரத்தில் இழுப்பில் மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு குறைந்ததும் கரைக்குத் திரும்ப வேண்டும்.

மூழ்குகிறவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. பயத்தில் அவர் கட்டிப்பிடித்துக்கொள்வார். இரண்டு உயிர் போகும். கேன், கயிறு, துடுப்பு எதையாவது நீட்ட வேண்டும் அல்லது வீச வேண்டும். கரைக்குக் கொண்டுவந்தவர் மூச்சு விடவில்லை என்றால், தலைகீழாகத் தூக்குவதோ வயிற்றை அமுக்குவதோ வேண்டாம், நேரம்தான் வீணாகும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து 2 மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே 30 முறை வேகமாக, அழுத்தமாக அமுக்க வேண்டும். மறுபடி 2 மூச்சு, 30 அழுத்தம். 108 வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலில் தண்ணீர் புகுந்திருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றால்

இத்தனை விதிகளும் ஒருபுறம் இருக்க, பல நேரங்களில் முடிவு வேறு இடத்தில் நடக்கிறது. படகுக்காரர் காற்றைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேண்டாம் அண்ணே" என்கிறார். அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஏமாற்றம். "பிள்ளைங்க ஆசைப்படுது, ஒரு சுத்து போதும், காசு கூடத் தர்றோம்" என்று கெஞ்சுகிறார்கள். பழக்கத்துக்காகவும் காசுக்காகவும் அவர் மனம் மாறுகிறார். விருந்தாளிகளைத் திருப்பி அனுப்ப மனம் வராத அந்த நல்ல குணமே ஆபத்தாகிறது.

எந்த வயலில் எப்போது கால் வைக்கலாம் என்று அந்த நிலத்துக்காரருக்குத் தெரியும். ஈரம் காயாத வயலில் டிராக்டரை இறக்கச் சொல்லி வெளியூர்க்காரர் வற்புறுத்தினால் விவசாயி கேட்பாரா? அதுபோல, கடல் என்பது மீனவரின் வயல். அவர் வேண்டாம் என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் அவருக்குத் தரும் மரியாதை. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் முன்னமே இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வது நல்லது. அவர் வேண்டாம் என்றால் யாரும் ஏறக் கூடாது.

வாசகர் கேள்விகள்

*மீன்பிடிப் படகில் காசு கொடுத்துச் சவாரி போகலாமா?*

மீன்பிடிப் படகு மீன் பிடிப்பதற்காகப் பதிவு செய்யப்பட்டது. பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லத் தனி அனுமதி வேண்டும். பழவேற்காட்டில் சவாரிக்குத் தடையே இருக்கிறது. படகில் போகும் ஆசை இருந்தால், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறைகள் உள்ள முட்டுக்காடு, முதலியார்குப்பம், பிச்சாவரம் போன்ற இடங்களுக்குப் போகலாம். தூண்டில் ஆசைக்குக் கரையில் உட்கார்ந்து போடுவதே போதும். அங்கேயும் வழுக்கும் பாறை, அலை அடிக்கும் கற்சுவர் மேல் நிற்கக் கூடாது.

*மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகலாமா?*

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. பாரம்பரிய நாட்டுப் படகுகளுக்கு இது பொருந்தாது. ஆனால் அந்த நாட்களில் கடலில் பெரிய படகுகள் இல்லாததால், ஆபத்து நேர்ந்தால் உதவிக்கு வர ஆள் குறைவு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

*படகில் போனால் வாந்தி வருகிறது. என்ன செய்வது?*

புறப்படும் முன் எண்ணெய்ப் பலகாரம், வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொலைவில் தெரியும் கடல்கோட்டைப் பார்க்க வேண்டும். குனிந்து கைப்பேசியைப் பார்த்தால் அதிகமாகும். வாந்தி எடுக்க விளிம்பில் சாயும்போது இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

*விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்குமா?*

மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு பதிவு பெற்ற மீனவர்களுக்குத்தான். விருந்தாளியாக ஏறியவருக்குக் கிடைக்காது. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டுக் கணக்கு. அதற்குரிய பணம் கணக்கில் இருக்கிறதா என்பதை மே மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போகாதவர்களுக்கும் பயன்படும் திட்டம் இது.

வெட்டி வைத்துக்கொள்ள: படகில் ஏறும் முன்

1. இன்றைய வானிலை எச்சரிக்கை, உயர் அலை எச்சரிக்கை பார்த்தாயிற்றா?

2. படகுக்காரர் மனமாரச் சம்மதித்தாரா?

3. ஆளுக்கு ஒரு ஜாக்கெட் கரையிலேயே மாட்டியாயிற்றா? குழந்தைக்குக் குழந்தை அளவா?

4. படகுக்கு உரிய அளவுக்குள் ஆட்கள் இருக்கிறார்களா?

5. எரிபொருள், துடுப்பு, கயிறு, வாளி, குடிநீர், விசில் இருக்கின்றனவா?

6. திரும்பும் நேரம் எழுதிய சீட்டு கரையில் யாரிடம் இருக்கிறது?

7. அவசர எண்கள்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, ஆம்புலன்ஸ் 108, பொது அவசர உதவி 112.